அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம்

ஜெலுத்தோங் சந்தையில்
பருப்பு நிறுத்து விற்கும் தவமலர்
அறுவைக்கு முந்தின நாள்
ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:
"எடுத்ததுக்கு அப்புறம் எடை போடுவீங்களா டாக்டர்?"
போடுவோம் என்றேன்.
"எவ்வளவுன்னு எனக்குச் சொல்லணும்."

இது என் பயிற்சியின் ஏழாவது மாதம்.
குடல், பித்தப்பை, லாரி மோதிச் சிதைந்த மண்ணீரல் என்று
ஆறு வருடம் வயிறுகளைத் திறந்து மூடிய கை
இங்கே மறுபடி
முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.
தோலை மெல்லிசாகப் பிரித்தால் கருகிப்போகும்,
தடிப்பாக விட்டால் நோய் தங்கிவிடும்.
புத்தகம் சொல்லும் மில்லிமீட்டர்
ஒவ்வொரு உடம்பிலும் கொஞ்சம் பொய்யாகிறது.

எதிரில் நிற்கும் டாக்டர் லிம் சியூ ஹூன் பேசமாட்டார்.
நான் சரியாகப் போகும்போது
முகக்கவசத்துக்குள் ஏதோ ஹொக்கியன் பாட்டை முணுமுணுப்பார்.
பாட்டு நின்றால்
என் கத்தியும் நிற்கும்.

நீலச் சாயம் ஏற்றி
ஐந்து நிமிடம் தேய்த்துவிடுகிறேன்.
அக்குளில் எங்கோ
முதல் நிணநீர்க் கணு அதைக் குடித்துவிட்டுக் கிடக்கிறது.
கொழுப்பின் மஞ்சளில் அதைத் தேடுவது
அடைமழையில் பாலத்தின் நடுவிலிருந்து
பட்டர்வொர்த் விளக்குகளைத் தேடுவது மாதிரி.
"நாளைக்குச் சிறுநீர் பச்சையாப் போகும், பயப்படாதீங்க."
இதை நான்கு மொழிகளில் சொல்லப் பழகிவிட்டேன்.
மாக்சிக் ஒருவர் சிரித்தார்:
பாண்டான் இலை போட்ட மாதிரியா?

ஒரு சொல்லுக்குத்தான் அதிக நாள் ஆனது.
மலாயில் தடையில்லை, ஆங்கிலத்தில் தடையில்லை.
தமிழில் மட்டும் வாய் "நெஞ்சு" என்று நழுவி
இதய டாக்டரின் வாசலில் போய் நின்றுவிடும்.
தவமலரும் "இந்தப் பக்கம்" என்றுதான் சொன்னார்.
இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று
வழி கேட்கிறவர்கள் போல
ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம்.
அவரேதான் உடைத்தார்:
"முலைன்னு சொல்லுங்க டாக்டர்.
மூணு பிள்ளைக்குக் கொடுத்தது.
அதுக்கு என்ன கூச்சம்?"

மேல் நுனியில் குட்டை நூல்,
வெளிப்புறம் நெட்டை நூல்.
உடம்பைப் பிரிந்த பிறகும்
எது மேல், எது பக்கம் என்று
ஆய்வகத்துக்குத் தெரிய வேண்டும்.
மிஸ்ஸி நோர்ஹயாத்தி தராசில் வைத்தார்.
612.
பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதினேன்:
நாற்பத்தொன்று. இடது. முழு அகற்றல்.
எடைக்கு அங்கே கட்டம் இல்லை.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு
வார்டுக்குப் போனேன்.
மயக்கம் தெளியாத கண்ணோடு
"அரைக் கிலோவுக்கு மேல" என்றார்,
சரக்கைச் சரிபார்ப்பவர் போல.

எட்டாவது வாரம் வந்தார்.
கைப்பையிலிருந்து எடுத்தது
பருத்தித் துணியில் தைத்த உருண்டைப் பை.
"மொதல்ல கடுகு போட்டேன், நழுவி ஓடுது.
உளுந்து சரியா உட்காரல.
இது பச்சைப்பயறு.
அறுநூத்திப் பன்னண்டு,
என் கடைத் தராசுல."
அதை உள்ளே வைத்துக்கொண்டு
கதவுவரை நடந்து திரும்பினார்.
"தோள் சாயுதா பாருங்க."

சாயவில்லை.

டாக்டர் லிம் கோப்பை மூடினார்.
பையைக் கேட்டு வாங்கி
இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிப் பார்த்தார்.
மலாயில் கேட்டார்:
வேர்வை பட்டு முளைத்துவிட்டால்?
"முளைச்சா தவ்கேன்னு வித்துடுவேன்."
அறை முழுக்கச் சிரித்தது.
எனக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக.

அடுத்து வந்தவர்
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார்.
இரவு வேலை முடித்து நேராக வந்திருக்கிறார்.
துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு
"இந்தப் பக்கம்தான்" என்றார் தரையைப் பார்த்து.
நாற்காலியை அவர் அருகே நகர்த்தினேன்.
அந்தச் சொல்லைச் சொன்னேன்.
அவர் நிமிர்ந்தார்.